நவுன் சாரின் எட்டு விரல்கள்

எங்கள் தெருவில் என்னை 'நவுன் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து டியூஷன் சென்டரில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். ஆங்கிலத்தில் பேசுவேனா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அந்த மட்டில் கடவுள் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

எட்டு வகைச் சொற்களுக்கு எட்டு விரல் என்பது என் கண்டுபிடிப்பு. நவுனுக்கு ஒரு விரல், ப்ரோநவுனுக்கு இரண்டு, அட்ஜெக்டிவுக்கு மூன்று, வெர்புக்கு நான்கு. இப்படியே மேலே போகும். நான் ஒரு வாக்கியம் சொன்னால் வகுப்பே சொல்லுக்குச் சொல் விரல்களை நீட்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏலக்கடை மாதிரி தெரியும்.

என் தங்கையின் கணவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். தங்கைக்காவது வேலை கிடைக்காவிட்டால் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலைமை. ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கே சிலருக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியுமாம். என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணா, தண்ணி வேணுமா, எங்க வலிக்குது, இந்த மாதிரி நாலு வார்த்தை சொல்லிக் குடு. போதும்."

"அஸ்திவாரம் இல்லாம மாடி கட்டச் சொல்றியா? முதல்ல நவுன்."

"ஒரு வாரந்தாண்ணா இருக்கு."

"அதான் சொல்றேன். விரலை நீட்டு."

அவளோடு வந்து சமையலறை வாசலில் நின்ற அவள் கணவர், "மச்சான், இவ வேலைக்குப் போறாளா, பரீட்சைக்குப் போறாளா?" என்றார். நான் அவரை மன்னித்தேன். மன்னிப்பது எனக்குச் சுலபமாக வரும், அதுவும் தப்பு என் பக்கம் இருக்கும்போது.

நேர்முகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். இல்லத்தின் மேற்பார்வையாளர் அம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. எங்களை ஒரு அறைக்கு அழைத்துப் போனார். அங்கே வயதான ஒரு அம்மா, முகம் கடுகடுவென்று, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் தங்கையைப் பார்த்து, "கேன் யூ ஓபன் த விண்டோ?" என்றார்.

என் தங்கை நிமிர்ந்து நின்றாள். நான்கு விரல். இரண்டு விரல். மறுபடி நான்கு. 'த' என்ற இடத்தில் பலரும் சறுக்குவார்கள். இவள் தயங்காமல் அட்ஜெக்டிவ் கணக்கில் மூன்று விரல் காட்டினாள். கடைசியில் ஒன்று. வாசலோரம் நின்ற நானும் கூடவே நீட்டிக்கொண்டிருந்தேன். பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் மட்டும் மூடியபடியே இருந்தது.

மேற்பார்வையாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் காது கேக்கும்ல?"

"நல்லாக் கேக்கும் மேடம். இது கிராமர்."

"சரி. அந்தம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னாங்க."

தங்கையின் முகம் விழுந்துவிட்டது. வீடு போனது என்றே நினைத்தேன். பெற்றவர்கள் இருந்திருந்தால் எந்த முகத்தோடு அவர்கள் முன்னால் நிற்பேன்? உள்ளுக்குள் பிரார்த்தித்தேன். அதையும் தமிழில்தான்.

அவள் போய், இறுகியிருந்த கொக்கியை நெம்பி ஜன்னலைத் திறந்தாள். காற்று சில்லென்று வந்தது. யாரும் சொல்லாமலே, கட்டிலில் கிடந்த சால்வையை எடுத்து அந்த அம்மாவின் தோளில் போர்த்தி, காது மறைகிற வரை இழுத்துவிட்டாள்.

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, நான்கு விரல்களை நீட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

"வெர்ப்," என்றாள் தங்கை, அழுகிற குரலில்.

ஒரு விரல்.

"நவுன்."

அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பாயிற்று. தங்கை அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"இவங்க இங்க வந்ததுலேர்ந்து சிரிச்சு நான் பார்த்ததில்ல," என்றார் மேற்பார்வையாளர். "நாளைக்கே வந்துடும்மா. வேண்டிய இங்கிலீஷை நான் சொல்லித் தரேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க மட்டும் தயவு செஞ்சு சொல்லித் தராதீங்க."

இப்போது விடுமுறை நாட்களில் நானும் அங்கே போகிறேன். அந்த அம்மா ஆங்கிலத்தில் ஏதாவது கேட்பார். பழக்கதோஷத்தில் நான் விரல்களை நீட்டுவேன். அவர் சிரிப்பார், என் தங்கை பதில் சொல்வாள். கிளம்பும்போது அவரைப் பார்த்துக் கை கூப்புகிறேன். என் இலக்கணத்தில் இடம் கிடைக்காத இரண்டு கட்டைவிரல்களும் அப்போதுதான் உருப்படியாக ஒரு வேலை செய்கின்றன.