அணு சிதைந்தபோது கூட இருந்தவர்

மலைக்கு அடியில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. கருவிக்குப் பக்கத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் அதை வெட்டிவிடுவார்கள். வெட்டியது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். யாராவது இருமினால் இருமலை வெட்டுவார்கள், இருமியவருக்குத் தொண்டையும் சரியாகிவிடும். இதில் யாருக்கும் குறையில்லை.

செண்பகவடிவு அங்கே விஞ்ஞானி. ஈயச் சுவருக்குள் கடுங்குளிரில் கிடந்த படிகத்தில் ஓர் அணுவாவது சிதையுமா என்று காத்திருப்பது அவள் வேலை. ஓர் அணு அப்படிச் சிதையப் பிரபஞ்சத்தின் வயதைப்போலக் கோடானுகோடி மடங்கு காலம் ஆகும். அதற்குள் ஓய்வுபெற்றுவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

வாழைப்பழத்துக்கு அங்கே அனுமதி கிடையாது. அதில் இயற்கையாகவே துளி கதிரியக்கம் உண்டு, கருவி ஏமாந்துவிடும். மனித உடம்பிலும் அதே சமாச்சாரம்தான். ஆனால் உடம்பை வாசலில் வைத்துவிட்டு வருவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று அவள் கணவன் இசக்கிமுத்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்தான். சுரங்கப்பாதை வழக்கத்தைவிட நீண்டுவிட்டது, நடுவில் அவனுக்குத் தாடி வளர்ந்துவிட்டது. சாப்பாட்டோடு இருந்த வாழைப்பழத்தை ஒழுங்காக வாசலில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான். களைப்பில் ஈயச் சுவரில் சாய்ந்தான். பாவம், இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்போது அணு சிதைந்தது.

திரையில் ஒரே ஒரு புள்ளி, வரவேண்டிய இடத்தில். செண்பகவடிவு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். இயக்குநர் தீர்த்தகிரி ஓடிவந்து புள்ளியைப் பார்த்தார், பிறகு இசக்கிமுத்துவைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஆள் பக்கத்துல இருந்தா அணு கணக்குல வராதும்மா. ஆள் வரவே இல்லைன்னா வரும்."

"வந்திருக்காரே சார்."

"ரெண்டுல ஒண்ணை வெட்டணும். நீங்களே சொல்லுங்க."

செண்பகவடிவு திடுக்கிட்டாள். அவர் கேட்டதற்காக அல்ல. இதிலென்ன சந்தேகம் என்று அவள் வாய் உடனே திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. புள்ளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு அழகாக இருந்தது அது. சீச்சீ, என்ன மனுஷி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இசக்கிமுத்து தூக்கைக் கீழே வைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோசிக்கியா வடிவு?" என்றான்.

"அணுவை வெட்டுங்க சார்" என்று அவள் கத்தினாள்.

வெட்டினார்கள். அணு மறுபடி முழுசாயிற்று. புள்ளி மறைந்தது. அவரவர் போய் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆனால் அவள் போட்ட கத்தலும் கருவிக்குப் பக்கத்தில்தான், அதுவும் வெட்டில் போயிற்று. அவன் கேட்ட கேள்வியும் போயிற்று. அவள் பேசாமல் நின்றது மட்டும் கருவிக்குக் கேட்கவில்லை. கேட்காததை எப்படி வெட்டுவது?

அது மட்டும் மிஞ்சியது.

"கடைசிவரைக்கும் நீ ஒண்ணுமே சொல்லலையே" என்றான் இசக்கிமுத்து. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தூக்கை அவள் மேசையில் வைத்துவிட்டுச் சுரங்கப்பாதையில் நடக்கத் தொடங்கினான். அவன் நடக்க நடக்கப் பாதை நீண்டது.

"என்னங்க" என்று செண்பகவடிவு அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

அதையும் வெட்டினார்கள்.