நசரேனோ ஊதிய டயர்

பழைய பந்தய சைக்கிள் எது கைக்கு வந்தாலும் இலாரியோ முதலில் செய்கிற காரியம் டயரில் உள்ள காற்றை இறக்குவதுதான். வந்த சைக்கிளுக்கு வணக்கம் சொல்வது மாதிரி அது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. கை தானாக வால்வுக்குப் போகும், விரல் தானாகத் திருகும். ஃபோஸ்கா தன் அப்பாவின் பச்சை நிறப் பந்தய சைக்கிளை அவனுடைய பட்டறைக்குத் தோளில் தூக்கிவந்து நிறுத்திய அன்றும் கை அப்படித்தான் போயிற்று. அரைத் திருகு திருகியிருப்பான். அதற்குள் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வேலையில் இருந்த காலமெல்லாம் தபால் மூட்டையோடு மேடு ஏறியவள். பிடி இரும்புப் பிடி.

"கைய எடு இலாரியோ. உள்ள இருக்கிறது எங்கப்பா மூச்சு."

இலாரியோ சூடான வாணலியைத் தொட்டவன்போல் கையை உதறினான். பிறகு தொப்பியைக் கழற்றினான். அவள் அப்பா நசரேனோவின் கதை அவனுக்கும் தெரியும். அந்த ஊரில் அது தெரியாதவர்கள் நேற்றுப் பிறந்த குழந்தைகள் மட்டும்தான்.

நசரேனோவுக்கு மார்பு அவ்வளவு அகலம். அவருடைய கம்பளிச் சட்டையை இரண்டு சட்டைகளைச் சேர்த்துத்தான் தைப்பார்கள். ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய பித்தளைக் குழல் அவருடையது. புனிதர் ஊர்வலத்தில் கோயில் வாசலில் ஒரு சுரத்தைப் பிடித்தால், ஊரைச் சுற்றி வந்து மறுபடி கோயில் வாசலில்தான் விடுவார். ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து தும்மியதில் பீடத்து மெழுகுவர்த்திகள் எல்லாம் அணைந்து, பாதிரியார் பூசையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட மனிதர் காற்றடிக்கும் பம்பை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. பம்பில் வருவது செத்த காற்று என்பது அவர் கட்சி. டயரை வாயில் வைத்துத்தான் ஊதுவார். கல் மாதிரி ஆகிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை, மறுநாள் பந்தயத்துக்காக இரண்டு டயர்களையும் ஊதி வைத்துவிட்டுக் கல்குவாரிக்கு வேலைக்குப் போனார். குவாரி சரிந்தது. ஃபோஸ்கா அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள்.

அம்மா அந்த சைக்கிளை நிலவறையில் உப்பில் ஊறிய பன்றித்தொடைக்கும் ஒயின் பீப்பாய்க்கும் நடுவே கூரைக் கொக்கியில் மாட்டினாள். டயரை நிலவறையில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவது அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். பதமான டயர் கல்லுக்கு அஞ்சாது என்பார்கள். ஆனால் இந்த டயர்கள் இறங்கவே இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா நிலவறைக்குப் போய் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். கெட்டியாக இருக்கும். ஒன்றும் சொல்லாமல் மேலே வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். சென்ற குளிர்காலத்தில் அவள் இறந்த பிறகு ஃபோஸ்கா போய் அழுத்திப் பார்த்தாள். அப்போதும் கெட்டியாகத்தான் இருந்தன.

அம்மா அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. ஊர் பேசாத நாள் இல்லை. ஃபோஸ்காவின் சங்கடமே அதுதான். தபால் கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் ஒரு கதை கிடைத்தது. கோயில் மணியை ஊதியே அடித்தார், பஞ்சத்தில் காற்றாலையை ஓட்டினார், நின்றுபோன ரயிலை நகர்த்தினார். பக்கத்தில் ரயில் பாதையே கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போவாள். இத்தனை கதையிலும் அப்பா என்று ஒரு மனிதரின் நுனிவிரல்கூட அவளுக்குக் கிட்டவில்லை. இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. யாரும் சொல்லாத, யாரும் ஊதிப் பெருக்காத ஏதாவது ஒன்று அவரிடமிருந்து வேண்டும். அது இந்த இரண்டு டயருக்குள்தான் இருக்க முடியும் என்று இலாரியோவிடம் சொன்னாள்.

"அப்ப இங்கயே திறந்து மோந்து பாத்துட வேண்டியதுதானே?" என்றான் இலாரியோ.

"பந்தயத்துக்குன்னு ஊதினது. அக்டோபர்ல பழைய சைக்கிள் எல்லாம் அந்த ரோட்டுல ஓடுதில்ல, முதல்ல அதுல போகணும். அப்புறம் அவர் வெளிய வரணும்னா வரட்டும்."

இலாரியோ வாயைத் திறந்து, மூடினான். ஊரிலேயே நீளமான வாய் அவனுடையது. ரயில் கதை அவனுடைய கைங்கரியம்தான் என்று ஒரு பேச்சு உண்டு. "உள்ள வெறும் ரப்பர் நாத்தம்தான்னா என்ன பண்ணுவே?" என்று கடைசியில் கேட்டுவிட்டான்.

தூக்கம் வராதபோதெல்லாம் ஃபோஸ்கா தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ரப்பர் நாற்றம் என்றால் அப்பா என்பது கதைகளோடு சரி. அதற்கு மேல் தேட இடமில்லை.

காற்றை இறக்காமல் ஒரு பந்தய சைக்கிளைச் சீர்செய்வது என்பது, ஓடுகிற கோழிக்குச் சட்டை தைக்கிற மாதிரி. அந்தக் காலத்து டயர் உள்ளே ட்யூபை வைத்துத் தைத்து, சக்கர விளிம்பில் பசை போட்டு ஒட்டியிருக்கும். பசை காய்ந்து கண்ணாடியாகிவிட்டிருந்தது. இலாரியோ ஊசிபோடும் குழலில் புதுப் பசையை ஏற்றி, விளிம்புக்கும் டயருக்கும் நடுவில் விரற்கடை விரற்கடையாகச் செலுத்தினான். அந்த வேலை நடந்த நாளெல்லாம் பட்டறையில் யாரையும் இருமவிடவில்லை. கோணல் சக்கரத்தை ஒவ்வொரு கம்பியாக முறுக்கி நேராக்கினான். பச்சைச் சாயத்தில் விழுந்த கீறல்களைத் தொடவில்லை. பளபளப்பாக்க அவன் கை அரித்தது உண்மை. ஃபோஸ்கா ஒரு பார்வை பார்த்தாள், அரிப்பு நின்றுவிட்டது.

அந்த சைக்கிளுக்குக் கியர் மாற்றும் விசை கைப்பிடியில் இல்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு நெம்புகோல்கள். ஓடும்போதே கையைப் பின்னால் விட்டு முதல் நெம்புகோலால் சக்கரத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும். பிறகு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இன்னொன்றால் சங்கிலியைத் தள்ள வேண்டும். அந்த ஒரு கணம் பின்சக்கரம் சைக்கிளில் மாட்டியிருக்கிறது என்பது ஒரு நம்பிக்கைதான். மறுபடி இறுக்க மறந்தவன் தன் சக்கரம் தன்னை முந்திப்போவதைப் பார்ப்பான். ஃபோஸ்கா கோடை முழுவதும் திராட்சைத் தோட்டத்துப் பாதைகளில் இதைப் பழகினாள். சங்கிலி பல் மாறி உட்காரும்போது தொடை வழியாக ஒரு சிலிர்ப்பு ஏறும். அப்பாவின் கை போன இடத்துக்குத்தான் தன் கையும் போகிறது என்று அப்போதெல்லாம் தோன்றும்.

அக்டோபர் ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் கிராம்பை விட்டாள்.

அவளுடைய பற்கள் சின்ன வயதிலிருந்தே சொத்தை. கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு அடங்கியிருக்கும். "உன்னோட தபால கண்ண மூடிக்கிட்டே வாங்கிடலாம், வாசல்ல கிராம்பு வாசம் வந்தா தபால் வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்று இலாரியோ கேலி செய்வான். அம்மாவோ சாகும்வரை வாதுமைக் கொட்டையைப் பல்லால் உடைத்தவள். மகளின் வீங்கிய கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் வம்சத்தில் இப்படியொரு வாய் கிடையாது என்பாள். சொல்லிவிட்டு ஏனோ எழுந்து நிலவறைக்குப் போவாள். வாயில் கிராம்பு இருந்தால் மூக்கு பாதி செத்துப்போகும் என்றுதான் ஃபோஸ்கா அதை விட்டது. பல் தன் வேலையைக் காட்டியது. பொறுத்துக்கொண்டாள்.

அக்டோபர் மாத ஞாயிறு. விடிகிற நேரத்தில் சதுக்கத்தில் எள் விழ இடமில்லை. எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். கம்பளிச் சட்டை, தோளில் எட்டுப் போலச் சுற்றிய உபரி டயர், எல்லாம் இரும்பு சைக்கிள்கள். ஃபோஸ்காவின் சைக்கிள் உள்ளே நுழைந்ததும் பேச்சு வரிசையாக அணைந்தது. சைக்கிள்களைச் சோதிக்கிற செத்திமியோ டயரை அழுத்திப் பார்க்கக் கட்டைவிரலை நீட்டினான். நீட்டியவன் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி நீட்டி, பூவைத் தொடுவதுபோலத் தொட்டான்.

"போங்கக்கா," என்றான். "பாத்துப் போங்க."

வெள்ளைச் சரளைப் பாதை தொடங்கியது. முன்னால் போனவர்கள் கிளப்பிய தூசி சூரியனில் நின்றது. பாதை குன்றுக்குக் குன்று ஏறி, இறங்கி, மறைந்து, வெகு தூரத்தில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே மறுபடி வெள்ளையாகத் தெரிந்தது. அதன் நீளம் முழுக்க மனிதர்கள் எறும்புச் சாரிபோல ஏறிக்கொண்டிருந்தார்கள். சரளை அரைபடும் சத்தம் மட்டும், பெரிய மழை தூரத்தில் வருகிற மாதிரி. எத்தனையோ முறை அவள் தபாலோடு போன பாதைதான். இன்று அது அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. டயர் கல்மேல் ஏறும்போது இடிக்கவில்லை, உருண்டு பொங்கியது, தூங்குகிறவரின் மார்பு மாதிரி. செங்குத்தான மேட்டில் பலர் இறங்கித் தள்ளினார்கள். ஃபோஸ்கா கையைப் பின்னால் விட்டாள், தளர்த்தினாள், பின்பக்கம் மிதித்தாள், இறுக்கினாள். உட்கார்ந்தபடியே ஏறினாள். பின்னால் தன் சைக்கிளில் இலாரியோ மூச்சு வாங்கிக்கொண்டு, இவளைப் பெத்தவன் நுரையீரலில் பாதியை இவளுக்கே எழுதிவைத்துவிட்டான் என்று யாரிடமோ முறையிட்டுக்கொண்டு வந்தான்.

உச்சி தாண்டிய இறக்கத்தில் ஒரு கூர்க்கல் முன்டயரைக் கிழித்தது.

டயர் வெடிக்கவில்லை. சீறவும் இல்லை. அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு சுரம் எழுந்தது. பெரிய பித்தளைக் குழலின் சுரம். முன்னால் போனவர்கள் லாரி வருகிறதென்று ஒதுங்கினார்கள். எதிர்க்குன்றில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கின. நின்ற இடத்திலேயே ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். ஃபோஸ்கா சைக்கிளைப் பாதை ஓரத்துக்கு ஒதுக்கி, அறுவடை முடிந்த திராட்சைக் கொடிகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கிழிசலில் கட்டைவிரலை வைத்தாள். சுரம் நின்றது. கூட்டம் நெருங்கியது. இலாரியோ இரண்டு கைகளையும் விரித்து, "குடும்ப விஷயம், தள்ளி நில்லுங்க" என்று தடுத்தான்.

விரலுக்கடியில் அவர் துடித்தார். அவள் பயந்தாள். மிச்சம் கொஞ்சம்தான். ரப்பர் நாற்றம்தான் என்றால் இந்த நொடியோடு சரி. கண்ணை மூடிக்கொண்டு மூக்கை அருகில் கொண்டுபோய் விரலை மெல்ல எடுத்தாள்.

வெதுவெதுப்பாக வந்தது. ரப்பர் இருந்தது, நிலவறை ஈரம் இருந்தது, சிட்டிகை புகையிலை. அதற்கெல்லாம் பின்னால் இன்னொன்று. அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

இலாரியோவும் குனிந்து மோந்தான். மூக்கைச் சுருக்கினான். "என்ன ஃபோஸ்கா, உன் கிராம்புதானே அடிக்குது?"

அவள் வாயை அகலத் திறந்து காட்டினாள். சொத்தைப் பற்கள் இருந்தன. கிராம்பு இல்லை. ஒரு வாரமாக இல்லை.

இலாரியோ டயரைப் பார்த்தான், அவள் வாயைப் பார்த்தான், மறுபடி டயரைப் பார்த்தான். மெழுகுவர்த்திகளை அணைத்தவர், ரயிலை நகர்த்தியவர், அந்தச் சனிக்கிழமை காலையில் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, பல்வலியோடு இந்த டயரை ஊதியிருக்கிறார். ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். வீங்கிய கன்னத்தைப் பார்த்தவுடன் அவள் ஏன் நிலவறைக்குப் போனாள் என்பது ஃபோஸ்காவுக்கு இப்போது விளங்கியது.

கடைசி மூச்சுவரை அவள் அங்கேயே மண்டியிட்டிருந்தாள். டயர் முழுதும் தொய்ந்த பிறகுதான் எழுந்தாள்.

இலாரியோ வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறக்காமல் ஒரு வேலை செய்தான். பழைய டயரை உரித்து மடித்து அவளிடம் கொடுத்தான். அவள் தோளில் கிடந்த உபரி டயரைக் கழற்றி மாட்டி, பம்பால் செத்த காற்றை அடித்தான். ஃபோஸ்கா பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. ஏறி மிதித்தாள்.

வழியில் ரொட்டிச் சூப்பும் ஒயினும் கொடுக்கிற இடத்துக்கு அவர்கள் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். செத்திமியோ வண்டியில் குறுக்குவழியாக வந்து நின்றிருந்தான். "இலாரியோ அண்ணே, நீங்க கிட்ட நின்னீங்களாமே. என்ன வாசம் வந்துச்சு?"

இலாரியோ ஃபோஸ்காவைப் பார்த்தான். அவள் நாக்கு நுனியால் கடைவாய்ப் பல்லின் குழியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பச்சை வெங்காயம்," என்றான் இலாரியோ, முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையாமல். "முழுச் சுருட்டு. அப்புறம் இடி. இடிக்கு வாசம் உண்டுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எதிர்மேட்டுல ரெண்டு ஆடு மயக்கம் போட்டு விழுந்துச்சு, வேணும்னா இவளக் கேளு."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"மூணு ஆடு," என்றாள் ஃபோஸ்கா.