வளையல் சில்லு

"ஏளா, அந்தக் கொட்டான எங்க கொண்டு வச்ச? இப்பம் சொல்லப் போறியா இல்லையா?"

பிச்சம்மாள் புறவாசலில் நின்று போட்ட சத்தம் அடுக்களை வரைக்கும் வந்தது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த சின்ன மருமகள் செண்பகத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. கேள்வி அவளுக்கு இல்லை. பெரிய மருமகள் செல்வராணிக்கு. ஆனால் அதற்குப் பதில் செண்பகத்திடம்தான் இருந்தது.

"நான் எடுக்கல அத்த" என்றாள் செல்வராணி.

செல்வராணியின் புருஷன் மந்திரமூர்த்தி, கடையில் அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. புதன்கிழமை விடியுமுன்னே பதினாறாம் நாள் விசேஷம் நடந்தது. அதற்கும் விசேஷம் என்றுதான் பெயர். செல்வராணிக்குக் கை கொள்ளாமல் பச்சை வளையல் அடுக்கி, தலை கொள்ளாமல் பூவைச் சுற்றி, எல்லாரும் பார்க்கப் பார்க்கப் பூவைப் பிய்த்து வளையலை உடைத்தார்கள். உடைந்த சில்லுகளை ஓலைக் கொட்டானில் போட்டு வைத்து, வருகிற அமாவாசையன்று ஒரு விதவை கடலில் கொண்டுபோய்ப் போட வேண்டும். புருஷன் உள்ளவள் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அவளுக்கும் அதே கதி வரும். அந்த வீட்டு வழக்கம் இது. யார் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் வாய் நீளம் என்பார்கள்.

இன்றைக்கு அமாவாசை. கிணற்றடியில் வைத்த கொட்டானைக் காணோம்.

வயிற்றுப் பிள்ளைக்காரி பார்க்கக் கூடாதென்று புதன்கிழமை செண்பகத்தைப் பக்கத்து வீட்டில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கொட்டானை எங்கே வைத்தார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்து லோடு ஆட்டோ வந்து வாசலில் ஹாரன் அடித்தது. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டறை உண்டு. உடைந்த பாட்டில், சிப்பி, சங்குத் தூள் எல்லாவற்றையும் பிள்ளைகள் தரம் பிரித்து, அரைத்து, சிமெண்டில் கலந்து தரைக்கல் வார்ப்பார்கள். எது கரையும், எது கரையாது என்கிற பாடமும் அங்கேயே நடக்கும். செல்வராணி அந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்தாள். வீட்டில் கண்ணாடிக்கென்று தனி வாளி வைத்ததும் அவள்தான்.

ஆட்டோ அவசரத்தில் செண்பகம் கிணற்றடிக் கொட்டானைப் பார்த்தாள். உள்ளே பச்சைக் கண்ணாடி. தன் வளைகாப்புக்கு வந்த பெட்டியில் உடைந்துபோன வளையல்கள் என்றே நினைத்துவிட்டாள். அதே கடை, அதே பச்சை. கையாலேயே அள்ளி வாளியில் போட்டு, கொட்டானையும் குப்பையில் வீசினாள்.

இப்போது அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் புருஷன் வேல்ராஜ் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் திரும்பி வந்துகொண்டிருந்தான். நடுக்கடலில் போன் கிடையாது. துறைமுகத்தில் காலையில்தான் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.

புறவாசலில் பிச்சம்மாள் விடவில்லை. "எம் மவன முழுங்குனது பத்தாதோ? சின்னவ கை பட்டு அவளும் தாலி அறுக்கணும்னு ஒளிச்சு வச்சிருக்க. ஒன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதாக்கும்! இனி நீ இங்கன இருக்கப்பிடாது. ஒங்க அண்ணன வரச் சொல்லிட்டேன். ஆறுமுகநேரிக்கே போயிரு."

செல்வராணி உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். அண்ணன் வீட்டில் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மூலையில் ஒரு பாய், விடிந்தால் அண்ணிக்குக் கூலியில்லாத வேலைக்காரி. பட்டறை வேலையும் போய்விடும்.

'சொல்லிரு, சொல்லிரு' என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் சில்லுகளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது என்று செண்பகத்துக்குத் தோன்றியது. கொத்தமல்லி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

பட்டறையில் ஷெர்லி டீச்சரைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். "வாங்க செண்பகம், நல்ல நேரத்துல வந்தீங்க. ஒங்க வீட்டுக் கண்ணாடிதான் இது. பாருங்க!"

மேசைமேல் ஒரு தரைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சிப்பித் தூளுக்கு நடுவில் பச்சைச் சில்லுகளால் ஒரு மீன். வளையலின் வளைவு செதிலுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பிள்ளைகள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"டீச்சர், இத பிரிச்சு எடுக்க முடியுமா?"

"எப்படிம்மா முடியும்? சிமெண்ட் இறுகிப்போச்சே. ஏன், என்னாச்சு?"

அதற்குள் ஒரு சிறுமி செண்பகத்தின் கையைப் பிடித்து இழுத்து மீனின்மேல் வைத்தாள். "தடவிப் பாருங்கக்கா, குத்தவே குத்தாது. நாங்க நல்லா தேச்சிருக்கோம்." கையை உதறிக்கொள்ளத்தான் நினைத்தாள். முடியவில்லை. அது குளிர்ந்து, வழவழப்பாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. நடப்பது நடுக்கடலில் நடந்துகொண்டிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. செல்வராணியின் அண்ணன் செந்தூர்பாண்டி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். செல்வராணி ஒரு பையோடு படியிறங்கினாள். வெறும் கை. மணிக்கட்டில் வளையல் உடைத்தபோது கீறிய காயம் இன்னும் ஆறவில்லை.

இப்படியே விட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஆட்டோ போய்விடும். யாருக்கும் தெரியாது. நம் செண்பகம் நல்லவள்தான். ஆனால் பயந்த மனுஷி எவ்வளவு நல்லவளாக இருந்து என்ன பிரயோசனம்? அந்தக் காயத்தைப் பார்த்திராவிட்டால் அவள் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அக்கா, நில்லுங்க" என்றாள். "அத்த, அக்கா எடுக்கல. நான்தான் எடுத்தேன். தெரியாம பட்டற வாளியில அள்ளிப் போட்டுட்டேன். அது இப்பம் கல்லாயிட்டு. பள்ளிக்கூடத்துல இருக்கு."

பிச்சம்மாள் அவள் கையைப் பார்த்தாள். "ஒங் கையாலயா?"

"ஆமா அத்த. இந்தக் கையால." சொல்லும்போதே செண்பகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அவியளுக்கு ஏதும் ஆயிருமா அத்த? கூண்டு வேற ஏத்திருக்காவளே!"

பிச்சம்மாள் தெருவை ஒருமுறை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வந்து சின்ன மருமகளின் வாயைப் பொத்தினாள். குரல் அடியோடு மாறிவிட்டது.

"சத்தம் போடாதளா. யார் காதுலயும் விழப்பிடாது. என் ராசாத்தி, ஒண்ணும் ஆவாது. வேல்ராஜு நல்லபடியா வந்து சேருவான். நீ பயந்து வயித்துப் புள்ளைய அலட்டாத. என்னத்தப் பெருசா தொட்டுட்ட? வெறும் கண்ணாடிதான அது!"

செல்வராணி ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தாள். அந்தக் காலை எடுத்துத் தரையில் வைத்தாள். மாமியாரை நேருக்கு நேர் பார்த்தாள்; அவள் அப்படிப் பார்த்துச் செண்பகம் அதுவரை கண்டதில்லை.

"வெறும் கண்ணாடின்னா, எங் கையப் பிடிச்சு எதுக்கு அத்த ஒடச்சீய?"

பிச்சம்மாளும் முப்பது வருஷமாக வெறுங்கையோடு இருப்பவள்தான். அந்தக் கை சின்ன மருமகளின் தோளில் அப்படியே கிடந்தது.

செல்வராணி பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் படியேறினாள்.

"அண்ணே, ஆட்டோவ அனுப்பிரு" என்றாள் உள்ளேயிருந்து. "நாளைக்கு எனக்குப் பட்டறையில வேல கெடக்கு."