மேடத்துக்கு ஒரு படம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் அக்காவின் முகத்தைத் தலைகீழாக வைத்து வரைந்துகொண்டிருந்தார்கள். அது என் அக்கா என்று அவர்களுக்குத் தெரியாது. தலைமையாசிரியை மேடத்தின் படம் என்று சொல்லியிருந்தேன். புகைப்படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். தன் கட்டத்தில் இருப்பதை அப்படியே பெரிய அட்டையில் வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். தலைகீழாக வைத்தால் மூக்கு என்றதும் கை தானாக ஒரு மூக்கைப் போட்டுவிடாது, கண்ணில் படும் கோட்டை மட்டும் போடும். இதுவும் அக்காவிடம் கற்றதுதான்.

"மிஸ், எனக்கு என்ன மிஸ் வந்திருக்கு? வெறும் பழுப்பா இருக்கு."

"கன்னம்டா. மேடத்தோட கன்னம். பாத்துப் போடு."

"ஐயோ, கிள்ளிடப் போறேன்!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்கக் காரணம் வேறு.

அக்கா இதே பள்ளியில்தான் டிராயிங் டீச்சராக இருந்தாள். இந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஆண்டு விழாவுக்குத் துணியில் கை அச்சு வைக்க ஏற்பாடு நடந்தது. சல்லிசாகக் கிடைத்ததென்று இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டை டப்பா டப்பாவாக வாங்கி வந்தவர் மேடம். இது பிள்ளைகள் கைக்கு ஆகாது என்று அக்கா ஒதுக்கி வைத்துவிட்டாள். அவள் வேறு வகுப்பில் இருந்த நேரம் பார்த்து, வந்திருந்த விருந்தினர்களோடு போட்டோ எடுக்க, மேடமே பிள்ளைகளின் கைகளை அதில் முக்க வைத்தார். விஷயம் தெரிந்து அக்கா ஓடி வந்து ஒவ்வொரு கையாகக் கழுவினாள். மறுநாள் கைகள் வீங்கின. பெற்றோர் கூடிக் கேட்டபோது மேடம் கொஞ்சமும் கூசாமல், "டிராயிங் டீச்சர் கவனக்குறைவா இருந்துட்டாங்க" என்றார். வாசலில் அக்காவைச் சூழ்ந்து திட்டினார்கள். ஒரு அம்மா அவள் பையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அதன்பிறகு எந்தப் பள்ளியும் அக்காவை உள்ளே விடவில்லை. இப்போது வீட்டில் என் மகன் பென்சில் சீவித் தரச் சொன்னால்கூட எழுந்து போய்விடுகிறாள்.

அந்த இடத்துக்குத்தான் நான் வந்தேன். அக்கா அப்பா ஜாடை, நான் அம்மா ஜாடை. மேடத்துக்குச் சந்தேகமே வரவில்லை. "பழைய டீச்சர் மாதிரி அசட்டையா இருக்கக் கூடாது" என்றார். "இருக்க மாட்டேன் மேடம்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

இந்த வருடம் அவருக்குப் பணி ஓய்வு. பிள்ளைகள் கையால் வரைந்த தன் படம் விழாக் கூடத்தில் ஆளுயரத்துக்கு நிற்க வேண்டும் என்பது அவரே சொன்ன ஆசை. தன் புகைப்படத்தையும் அவரே தந்தார். அதை மேசைக்குள் வைத்துவிட்டு அக்காவின் படத்தை வெட்டினேன். ஒருநாள் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து, தலைகீழாக வரைந்திருந்த கண்களைக் காட்டி, "என் கண்ணாடி எங்கம்மா?" என்றார். "கண்ணாடி இல்லாம இன்னும் இளமையா இருக்கீங்க மேடம், அதான் எடுத்துட்டேன்" என்றேன். உச்சி குளிர்ந்து போய்விட்டார்.

நான் செய்வதை அக்காவிடம் மட்டும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"பிள்ளைங்க கைய வச்சு அந்தம்மா ஒரு தடவ விளையாடினாங்க. இப்ப நீயாடி?"

"உனக்குச் சூடு சொரணையே கிடையாதா? ஊர் முழுக்க உன்னை என்ன பேசுதுன்னு தெரியுமா?"

"தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

கண்கள் இரண்டும் விழுந்த நீளத் துண்டு ஒரு சிறுமிக்குப் போயிருந்தது. வாய் திறந்து பேசாத பிள்ளை. விழாவுக்கு முதல் நாள் பார்க்கிறேன், துண்டை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மிஸ், இது மேடம் இல்ல."

"பின்ன யாரு?"

"பழைய மிஸ். என் கைய ரொம்ப நேரம் கழுவி விட்டாங்க. அழுதுட்டே கழுவினாங்க. அப்ப கிட்டத்துல பாத்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லையென்று தலையாட்டினாள். "மேடம்தான் கைய முக்கச் சொன்னாங்கன்னு அப்பவே எங்க அம்மாகிட்ட சொன்னேன். அம்மா நம்பல. அந்த மிஸ் பையப் புடுங்கித் தூக்கிப் போட்டுட்டாங்க." பிறகு தூரிகையை நீட்டினாள். "கண்ணுல வெளிச்சம் பத்தல மிஸ். கொஞ்சம் வெள்ளை குடுங்க."

கொடுத்தேன். 

விழாக் கூடத்தில் பெற்றோர் நிரம்பியிருந்தார்கள். மேடையில், துண்டுகளை ஒட்டுவதற்கு நிறுத்தியிருந்த பெரிய பலகைக்குப் பக்கத்தில் மேடம் மைக்கோடு நின்று, சபையைப் பார்த்தபடி ஒவ்வொரு பிள்ளையாக அழைத்தார். நான் ஓரங்களிலிருந்து ஒட்ட வைத்தேன். முடி, காது, தாடை, கன்னம். கண் இல்லாத முகம் யார் முகமாகவும் இருக்கலாம். கைதட்டல் ஓயவே இல்லை. கடைசியாக அந்தச் சிறுமி தன் துண்டோடு ஏறி வந்தாள்.

"இத நானே ஒட்டறேன், குடு கண்ணு." மேடம் மைக்கை என் கையில் திணித்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். முக்காலியில் ஏறினார். அவ்வளவு கிட்டத்தில் யாருக்கும் முகம் தெரியாது, வண்ணத் திட்டுகள்தான் தெரியும். இடைவெளியில் துண்டை நேராக வைத்து ஒட்டினார்.

கைதட்டல் நின்றது. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டு நகர்ந்தது. சிறுமியின் அம்மா எழுந்து நின்று பலகையைப் பார்த்தாள், பிறகு தன் மகளைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். சிறுமி என் பக்கம் வரவில்லை. பலகைக்குக் கீழேயே, அம்மாவை நேராகப் பார்த்தபடி நின்றாள்.

"போட்டோ எடுக்கப் போறாங்களா?" என்று மேடம் பலகையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆமா மேடம். ஓரம் தூக்கிட்டிருக்கு. நல்லா அழுத்திப் பிடிங்க."

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அக்காவின் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி, எழுந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.