அய்யனார் காட்டில் ஏறிய கொடி

சேதராப்பட்டு அய்யனார் காட்டில் படர்ந்த கொடி, ஏறுவதற்கு மரங்கள் தீர்ந்துபோனதும், 1978 ஆடியில் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. தைக்குள் ஊருக்கு மேல் பந்தல் போட்டதுபோல விரிந்து, ரோஸ் நிறத்தில் பூத்தது. வெயில் இறங்காமல் களத்தில் கொட்டிய நெல் காயவில்லை. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று பூசாரி சாமிக்கண்ணு சொல்ல, ஊரார் தண்டுக்கு மஞ்சள் கயிறு கட்டிப் பொங்கல் வைத்தார்கள்.

செல்வாம்பாள் மட்டும் கட்டவில்லை. பிறந்த அன்றே போய்விட்ட அவள் பிள்ளையை அந்தக் காட்டு இலுப்பையடியில்தான் புதைத்திருந்தார்கள். இலுப்பை இப்போது கொடிக்குள் மூச்சடைத்து, இலை உதிர்ந்து நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் தோட்ட வேலை பார்த்தவள். பஸ் ஏறிப் போய், அந்த வீட்டு வாசல் வளைவிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்து பூசாரி முன் போட்டாள். வெற்றிலை மாதிரி இலை, நெளிந்த ஓரம், பூங்கொத்து நுனியில் சுருண்ட பற்றுக்கம்பி, எல்லாம் அதேதான்.

"இது அம்மன் இல்ல மாமா. தொர வூட்டு வாசல்ல அழகுக்கு வச்ச கொடி. நானே தண்ணி ஊத்தியிருக்கேன்."

"அப்ப அம்மன் அங்கயும் எறங்கியிருக்கா," என்றார் சாமிக்கண்ணு. கூட்டம் சிரித்தது. "காட்டுக்குள்ள அருவா, கடப்பாரன்னு இரும்பு ஆவாது, தெரியுமில்ல? மீறித் தொட்டின்னா கை அழுவிப்பூடும்."

"அழுவட்டும். இரும்பு வாணாம், எனக்கு நகம் இருக்குது."

மறுநாளே இறங்கினாள். நன்னாரி, சீந்தில் என்று காட்டின் சொந்தக் கொடிகளை ஒதுக்கிவிட்டு, இதை மட்டும் பிடித்து இழுத்தாள். தண்டு வந்தாலும் கிழங்கு மண்ணில் தங்கி மறுபடி முளைத்தது, கொட்டாங்கச்சியால் தோண்டினாள். ஊர் அவளைக் களையெடுக்கக் கூப்பிடுவதை நிறுத்தியது. தொழிற்பேட்டையில் சித்தாள் வேலைக்குப் போய்விட்டு வந்து தோண்டினாள். புருஷன் கன்னியப்பன் முதல் வருஷம் திட்டினான், அடுத்த வருஷம் கிழங்கு சுமந்தான். கை அழுகவில்லை, காய்த்துப்போனது.

1984இல் கடைசிக் கிழங்கும் வந்தது. மேலே இருந்த கொடி விழவில்லை. வேர் இல்லாமலே பச்சையாக நின்று பூத்தது.

"பாத்தியாடி?" என்றார் பூசாரி.

"அங்கயே இருந்துட்டுப் போவட்டும். மண்ணுல கால வைக்கட்டும், அப்ப பேசிக்கறேன்."

பங்குனியில் இலுப்பை துளிர்த்தது. மேலிருந்து விழும் விதைகளைச் செல்வாம்பாள் பொறுக்கி அடுப்பில் போடுகிறாள். அந்த வழியாகப் போகும் பஸ் கொடியின் நிழலுக்குள் நுழைந்ததும் டிரைவர் பட்டப்பகலில் விளக்கைப் போடுகிறார், தாண்டியதும் அணைக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்துவதில்லை.