வில்லின் முதுகில் ஒட்டிய தோல்

பச்சைமலையின் பின்னே கதிரவன் சாய, அதன் நெடுநிழல் வேப்பந்தட்டைக் கரிசல் நிலங்களின்மேல் மெல்லப் படர, பஞ்செடுத்து முடிந்த பருத்திச் செடிகள் வெறுமையாய் நிற்க, களத்தில் காய்ந்த சோளத்தைக் கூட்டி மூடிவிட்டுப் பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த மாசி மாதத்து மாலைப்பொழுது அது. பெரம்பலூர் செல்லும் பேருந்து எழுப்பிய புழுதி அடங்கிய பின்னர், தெருக்கோடி வீட்டின் முற்றத்தில் மூவர் ஒரு வில்லைச் சூழ்ந்து நின்றனர். அவர்கள் முகத்தில் கலக்கம் இருந்தது.

வில்லைச் செய்தவன் அறிவழகன். கதவும் நிலையும் செய்து பிழைக்கும் தச்சன். கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்தே மரவில் செய்யக் கற்றுக்கொண்டவன். இந்தக் கிறுக்கு இவனை எங்கே பிடித்தது என்று ஊரார் கேலி பேசியதும் உண்டு. வில்லை ஏந்தப்போகிறவள் அவன் தங்கை தமிழ்மொழி. பெரம்பலூரில் செவிலியாய்ப் பணிபுரிபவள், அரியலூரில் நடக்கவிருந்த மரவில் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவள். ஓராண்டாய் நிழலில் உலர்த்திய உசிலை மரத்தைச் செதுக்கி முடிக்கும் தறுவாயில், வில்லின் முதுகில், அதாவது எய்பவரை நோக்காமல் இலக்கை நோக்கி நிற்கும் புறத்தில், அவன் உளி சற்றே ஆழப் பாய்ந்து மரத்தின் நாரை அறுத்துவிட்டது. நார் அறுந்த முதுகில் சிம்பு கிளம்பி மரம் பிளக்கும். நாணை முழுதும் இழுத்த நிலையில் வில் முறிந்தால், அந்தத் துண்டு எய்பவளின் கண்ணில்தான் வந்து பாயும். வேறு மரம் உலர்த்த நாளில்லை. ஆகவே முதுகின்மேல் வலியதோர் உறையை ஒட்டியாக வேண்டும். எதை ஒட்டுவது என்பதே அவர்களுடைய கலக்கம்.

மூன்றாமவன் கவுஸ், இலப்பைக்குடிக்காட்டுக்காரன். அயல்நாட்டில் அறிவழகனோடு ஒரே அறையில் தங்கி உழைத்தவன். மயிர் நீக்கிக் காயவைத்த வெள்ளாட்டுத் தோலொன்றை அவன் கையோடு கொண்டுவந்திருந்தான்.

“மூங்கிப் பட்ட இதுல ஒட்டாது மச்சான். பட்டுத்துணி ஒட்டலாம், ஆனா முறிஞ்சா புடிச்சு வெக்காது. தோலுன்னா உள்ள மரமே முறிஞ்சாலும் துண்டு வெளிய தெறிக்காது” என்றான் கவுஸ்.

அப்பொழுதுதான் அண்ணன் தங்கை இருவரையும் பெற்ற இராமலிங்கம் வயலிலிருந்து வந்தார். தோலைக் கண்டதும் வாயிலிலேயே நின்றுவிட்டார்.

“அது எதுக்கு இங்க?”

“ஆட்டுத்தோலுப்பா. மாட்டுத்தோலு இல்ல” என்றான் மகன்.

“தோலு தோலுதான். நான் இருக்கறவரைக்கும் இந்த வூட்டுக்குள்ள வராது. கவுஸ் தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க.”

அவர் சினத்தின் வேரைச் சொல்லாவிட்டால், அன்புடையீர், அவரைப் பிடிவாதக்காரர் என்று நீவிர் எளிதாய்த் தள்ளிவிடுவீர். ஊரில் மாடு இறந்தால் அதனைத் தூக்கவும், உரிக்கவும், அத்தோலில் பறை கட்டவும் இராமலிங்கத்தின் தெருவினரையே ஊரார் கட்டளையிட்டு அழைத்த காலம் ஒன்று இருந்தது. இனித் தூக்கோம் என்று தெருவே ஒன்றுகூடி உறுதி எடுத்தபோது, முதலில் எழுந்து அதைச் சொன்னவர் இளைஞரான இராமலிங்கம். அதற்காக அவரை அடித்தார்கள். முறிந்த இடக்கை வளைந்தபடியே கூடிப்போனது. அன்று தொட்டு அவர் காலில் தோற்செருப்பும் ஏறியதில்லை. அவ்வுறுதியின் மேல்தான் அவ்வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து நடந்தார்கள். அதனைப் பழங்கதை என்று நகைப்பவர் வாயில் மண் விழட்டும்.

தமிழ்மொழி தந்தையை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “அப்பா சொல்றதே இருக்கட்டும்ணே. சணப்பு நாரு போடு” என்றாள். கவுஸ் தோலைச் சுருட்டிக்கொண்டு வருத்தமின்றியே விடைபெற்றான். அறிவழகன் சணப்பு நாரைச் சீவிப் பசையில் தோய்த்து, இழை இழையாய் வில்லின் முதுகில் படியவைத்து, நன்றாய்க் காயும்வரை காத்திருந்தான்.

காய்ந்த வில்லை மரத்தில் பிணைத்து, நாணில் கயிறு கட்டி, எட்ட நின்று இழுத்துப் பார்த்த காலைப்பொழுதில் வில் அழகாகத்தான் வளைந்தது. ஆயினும் நாருக்கடியில் எங்கோ ஒருமுறை ‘டிக்’ என்றது. அறிவழகன் கயிற்றை விட்டுவிட்டான்.

“சத்தம் கேட்டுச்சு” என்றான், தந்தையின் முகம் பாராமல்.

“நார் இறுகற சத்தமா இருக்கும். குடு, நான் இழுத்துப் பாக்கறேன்” என்று தமிழ்மொழி கை நீட்டினாள். அவள் குரலில் துணிவு இருந்தது. நீட்டிய விரல்களில் இல்லை.

அதனை இராமலிங்கம் கண்டார். “இரு. தோல வேணாம்னது நானு. மொதல்ல நான்தான் இழுக்கணும். முறிஞ்சா எம்மேல முறியட்டும்” என்று சொல்லி வில்லை வாங்கினார்.

வளைந்த இடக்கையில் வில்லைப் பற்றி, வலக்கையால் நாணை இழுத்தார். வில்லைத் தாங்கும் கை நேராக நீண்டாலல்லவா நாண் முழுதும் வரும்? நாண் நெஞ்சுக்கு முன்னரே நின்றுவிட்டது. மீண்டும் இழுத்தார், கழுத்து நரம்பு புடைக்க, வளைந்த முழங்கை நடுநடுங்க, பல்லைக் கடித்து இழுத்தார். பாதிக்கு மேல் அவ்வில் அவருக்கு வளையவில்லை. தாம் மறுத்ததன் துன்பத்தைத் தாமே ஏற்றுவிடலாம் என்று எண்ணி வந்த மனிதர், அதை ஏற்கத் தம் கையால் இயலாது என்று அப்பொழுது அறிந்தார். வில்லைத் தாழ்த்தினார்.

“பாதிதான் வருது. மீதிய எம்பொண்ணுதான இழுக்கணும்” என்றார். பின்னர் மகனை நோக்கி, “கவுஸ் தம்பிக்குப் போனப் போடு. அந்தத் தோலு இன்னும் இருக்கான்னு கேளு.”

“எனக்காக வேணாம்பா. நான் போட்டிக்கே போகல” என்று தமிழ்மொழி அழுதாள்.

“போவணும்மா. அன்னிக்கு அதட்டித் தூக்கச் சொன்னாங்க, தூக்கல. இன்னிக்கி எவனும் சொல்லல. நானாத்தான் தொடறேன்.”

அன்று மாலை நீரில் ஊறிய தோலை அவரே எடுத்தார். சிறுவயதில் பழகிய விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. அத்தனை ஆண்டுகள் விலகியிருந்தும் அவை மறவாதிருந்தது கண்டு அவருக்கு உடல் கூசியது. கண்ணீர் வழிய வழிய, நாரின்மேல் தோலை இழுத்துப் பொருத்தி, கட்டைவிரலால் நீவி, சுருக்கமின்றி ஒட்டினார்.

தன்மானத்துக்காகக் கையை ஒடித்துக்கொண்டவர் அவர்; பிள்ளையின் கண்ணுக்காக அந்தத் தன்மானத்தின்மேலேயே கை வைத்தார். இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல எமக்கு நா எழவில்லை; அவற்றுள் ஒன்றுக்கேனும் நாம் கொடுத்தது என்ன? அரியலூர்த் திடலில் தமிழ்மொழி நாணைக் காதுவரை இழுத்து நின்றபோது, கூட்டத்தில் எல்லாரும் இலக்கைப் பார்த்தனர். இராமலிங்கம் மட்டும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வில் முறியவில்லை; அம்பு போன பின்னும் அம்முகம் ஒரு கீறலுமின்றி அப்படியே இருந்தது.