மீரான் மைதீனுக்குக் கோபம் வராத கதை

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ ஊரில், ஒரு வயது இளமையின் விலை ஒரு வசவு. தமிழ் வசவு செல்லாது, இன்றைய ஆங்கில வசவும் செல்லாது. முந்நூறு வருஷமாவது பழசாக இருக்க வேண்டும், வைகிறவர் நிஜமாகவே கொதித்திருக்க வேண்டும். பேரம் கிடையாது.

இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தவன் உஸைர். தமிழில் சண்டை போட்டால் பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஆங்கிலத்தில் போட்டால் இன்னும் நன்றாகப் புரிந்தது. ஆகவே ஒரு பழைய அகராதியை வாங்கி, சண்டைக்காரிகளுக்கு வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் வைத்திருந்த பெயர்களைப் பொறுக்கியெடுத்து, மனைவி ஹபீஸாவை வையத் தொடங்கினான். டெர்மகன்ட் என்றான், அவள் கண்ணோரச் சுருக்கம் போயிற்று. விராகோ என்றான், முட்டிவலி போயிற்று. டோல் கட்டணத்துக்கு ஒரு சண்டை, தோசைக்கல்லுக்கு ஒரு சண்டை என்று இரண்டு பெருநாளுக்கு இடையில் அவள் கல்லூரிப் பெண்ணாகிவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஃபைஹா, மேலப்பாளையத்தில் ஹபீஸாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், வேலி இடுக்கு வழியாக அத்தனை வசவையும் கேட்டு மனப்பாடமே செய்துவிட்டாள். ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து பார்க்கிங்கில் ஹபீஸா கையசைத்தாள். “ஈத் முபாரக், ஆன்ட்டி!” உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஸாரிடீ, வாய் தவறிடுச்சு” என்றாள். அன்று ஃபைஹாவுக்குப் பிரியாணி இறங்கவில்லை.

அவள் கணவன் மீரான் மைதீன் குரல் உயர்த்தியே அறியாதவன். அதுவரை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட குணம், இப்போது நஷ்டமாகத் தெரிந்தது. வேண்டுமென்றே காரைக் கராஜ் கதவில் மோதினாள். “உனக்கு அடிபடலையே?” என்று ஓடிவந்தான்.

“ஒரே ஒரு தடவை திட்டுங்க மச்சான். அவ புருஷன் எப்படித் திட்டுறான் பாருங்க! நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?”

“நீ ஒண்ணுமே பண்ணலியேம்மா, எதுக்குத் திட்டணும்?”

விராகோ என்றும் சொல்லிப் பார்த்தான், விருந்தாளிக்கு சர்பத் நீட்டுவதுபோல. ஒரு நரை அசையவில்லை.

காரமான சொல்லாக ஒன்று கொடு என்று உஸைரிடமே கேட்டான். ஏதோ பழங்காலத்து ஞானியைப் பாடாய்ப் படுத்திய மனைவியின் பெயராம், ஸாந்திப்பி. கராஜில் தனியாக நின்று ஒத்திகை பார்த்தான். துணிக்கூடையோடு வந்த ஃபைஹாவின் காதில் விழுந்ததோ, தன் கணவன் சொக்கிப்போய், “சாந்தி பீ... சாந்தி பீ...” என்று முணுமுணுப்பது.

“யாரு அந்த சாந்தி?”

அவன் வாய் திறக்குமுன் டெர்மகன்ட், விராகோ, ஹாரிடன், ஷ்ரூ என்று வேலியோரம் சேர்த்ததெல்லாம் அவன் தலையில் கொட்டினாள். பெண்களுக்கான சொற்கள்தாம், ஆனாலும் செல்லுபடியாயின. தொப்பை கரைந்தது. வழுக்கையில் முடி கருகருவென்று முளைத்தது. விஷயத்தை அவன் விளக்கி முடித்தபோது, நிக்காஹ் ஃபோட்டோவில் இருந்த பையன் அவள் முன்னால் நின்றான்.

ஊர் பழகிக்கொண்டது. மளிகைக் கடைக்காரர் “உங்க பையனா ஆன்ட்டி?” என்று கேட்பதோடு சரி. ஃபைஹா இப்போது வேலிப் பக்கம் போவதில்லை. வாசலில் நிற்கிறாள், எவள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று பார்க்க. அவனும் காலைத் தேநீரோடு தினமும் கோபப்பட முயல்கிறான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வருகிறது.

கணக்கு இப்படி நிற்கிறது: மீரான் வரவு, இருபத்திரண்டு வயது இளமை. ஃபைஹா வரவு, இல்லை. பாக்கி முழுதும் அவன் பேரில். கோபம் வருகிற அன்று தீர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.